கழுத்தில் குத்தும் லேபிள்: கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்

ஆயத்த ஆடை ஒன்றை முதன்முறையாகப் போட்டுக்கொண்டு வெளியே சென்ற சிறிது நேரத்தில் பிடரி அரிக்கத் தொடங்கினால், வீடு திரும்பியதும் பெரும்பாலோர் கத்தரிக்கோலை எடுத்து லேபிளை நறுக்கிவிடுகிறார்கள். மறுமுறை அதே ஆடையைப் போடும்போது அரிப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். முழு லேபிளாக இருந்தவரை அது மடிந்து, சாய்ந்து, ஓரளவு தோலுக்கு இணங்கிக் கிடந்தது. நறுக்கிய பின் தையலுக்குள் மாட்டிக்கொண்டு மிஞ்சியிருக்கும் சிறு துண்டுக்குச் சாய இடமில்லை, ஆகவே அது நிமிர்ந்து நின்று கீறுகிறது. கைக்குழந்தைக்கு முதன்முறையாகத் துணி வாங்குவோர், விடுதிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பெட்டி கட்டுவோர், புதுச் சட்டை என்றாலே அரிக்கிறது என்று சலித்துக்கொள்வோர் ஆகியோருக்காக, இந்தச் சிறு தொல்லையை ஒழுங்காகத் தீர்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

நம் மதுரைப் பக்கத்தில் இந்தத் தொல்லை சற்று அதிகமாகத் தெரிவதற்கு வெயில்தான் காரணம். வியர்வையில் ஊறிய தோலின் மேற்பரப்பு மென்மையாகி, துணியோடு உராயும்போது வறண்ட தோலைவிட அதிகமாகப் பிடித்து இழுபடும். மார்கழியில் உறுத்தாத அதே சட்டை, சித்திரைத் திருவிழாக் கூட்டத்திலோ கத்திரி வெயிலில் பேருந்துக்குக் காத்திருக்கும்போதோ பிடரியைச் சிவக்க வைத்துவிடும். வேர்க்குரு ஏற்கெனவே இருந்தால் சொல்லவே வேண்டாம்.

லேபிள் ஏன் குத்துகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஆயத்த ஆடைகளில் வைக்கப்படும் லேபிள்களில் பெரும்பாலானவை பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலால் ஆனவை. நெய்த பட்டையாகவோ, எழுத்து அச்சிட்ட சாட்டின் நாடாவாகவோ நீளச் சுருளில் வரும் இவற்றை, ஓரம் பிசிறாமல் இருக்கும் பொருட்டுச் சூடான கத்தியால் துண்டு போடுகிறார்கள். சூட்டில் உருகிய இழைகள் ஆறி இறுகி, வெட்டிய ஓரம் நெடுகிலும் மெல்லிய, விறைப்பான விளிம்பாக மாறிவிடுகின்றன. அந்த விளிம்பும் அதன் இரு முனைகளும்தான் தோலைக் கீறுபவை. நாடாவின் நடுப்பகுதி பெரும்பாலும் குற்றமற்றது. இதோடு, சில ஆடைகளில் எந்த நிறத் துணிக்கும் பொருந்தட்டும் என்று, தூண்டிலில் கட்டும் நரம்பைப் போன்ற நிறமற்ற நைலான் நூலால் லேபிளைத் தைத்திருப்பார்கள். அந்த நூலின் வெட்டிய நுனி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஊசி முனையாக ஏறும்.

முதற்படி: எது குத்துகிறது என்று கண்டறிதல்

லேபிள்தான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சட்டையை வீட்டிலேயே ஒரு மணி நேரம் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அரிப்பு நின்றுவிட்டால் லேபிள், தையல், துணியின் ஓரம் பிசிறாமலிருக்கப் போடும் ஓவர்லாக் நூல் ஆகியவற்றுள் ஒன்று காரணம். திருப்பிப் போட்டும் அரித்தால் துணியோ, சாயமோ, அலசும்போது போகாமல் தங்கிய சோப்புத் தூளோ காரணமாக இருக்கும். அப்போது லேபிளை எடுப்பதால் பயன் ஏதும் இல்லை.

லேபிள் பக்கம்தான் என்று உறுதியானபின், ஆடையின் உட்புறத்தை விரல் நுனியால் தடவிப் பார்ப்பதைவிட மணிக்கட்டின் உட்பக்கத்தாலோ கீழுதட்டாலோ தடவிப் பார்ப்பது நல்லது. வேலை செய்து தடித்துப்போன விரல் நுனிக்குத் தெரியாத பிசிறு அங்கே தெரிந்துவிடும். கழுத்தின் பின்புறம் கடைப்பெயர் லேபிளும், அதன் கீழோ பக்கத்திலோ அளவுச் சீட்டும் இருக்கும். துவைக்கும் முறையைச் சொல்லும் நீளமான லேபிள் பெரும்பாலும் இடுப்புக்கு மேலே பக்கவாட்டுத் தையலில் தொங்கும். விலா ஓரத்தில் அரிக்கிறது என்று சொல்பவர்கள் இதைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள். விலைச்சீட்டைத் தொங்கவிடுவதற்காகக் கடையில் குத்தியிருந்த பிளாஸ்டிக் நரம்பையும் தேடுங்கள். சீட்டை வெடுக்கென்று பிடுங்கும்போது அதன் குறுக்குத் துண்டு தையலுக்குள் அறுந்து தங்கிவிடுவது வழக்கம், அதைக் குறடாலோ நகத்தாலோ முழுதாக உருவி எடுத்தால் சில ஆடைகளின் தொல்லை அத்தோடு முடிந்துவிடும்.

தோலில் விழும் தடயமும் வழி காட்டும். பிடரியில் லேபிள் அளவுக்குச் சின்னச் சதுரமாகவோ கோடாகவோ சிவந்திருந்தால் அது உராய்வு. அக்குளின் ஓரங்களிலும் தொடை உட்புறத்திலும் பரவலாகத் தடித்திருந்தால் சாயத்தை ஐயப்படலாம், குறிப்பாகச் செயற்கை இழையில் வரும் அடர்நீல, கறுப்புத் துணிகளில். தொப்புளுக்குக் கீழே வட்டமாகத் தடித்தால், ஜீன்ஸ் பொத்தானிலோ இடுப்புவார்க் கொக்கியிலோ இருக்கும் நிக்கல் காரணமாக இருக்கக்கூடும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

மதுரையின் விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கத்துக் கடைகளில் தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே நின்று ஆடையைத் திருப்பிப் பார்க்கக் கூச்சமாக இருக்கலாம், இருந்தாலும் பார்த்துவிடுங்கள். நிறத்தையும் விலையையும் பார்க்க ஆகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. கழுத்தின் உட்புறம் லேபிளுக்குப் பதிலாக எழுத்துகளைத் துணி மேலேயே அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் நல்லது. திருப்பூர்ப் பனியன்களிலும் டி-சர்ட்டுகளிலும் இந்த வகை இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அச்சு கனமாக, ரப்பர்த் தகடு ஒட்டியதுபோல் இருந்தால், அந்த இடத்தில் வியர்வை உறிஞ்சப்படாமல் தேங்கும், பலமுறை துவைத்தபின் வெடித்துச் சொரசொரக்கும். மெல்லிய அச்சாக இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். லேபிள்தான் இருக்கிறது என்றால், இரு முனைகளும் உள்ளே மடித்துத் தைக்கப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முனை வெட்டியபடி தொங்குவதைத் தவிர்க்கலாம்.

சட்டை தைக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு சொல். நம் ஊரில் பல தையற்கடைக்காரர்கள் தங்கள் கடைப்பெயர் லேபிளைக் காலருக்குக் கீழே வைத்துத் தைப்பது வழக்கம். அளவு கொடுக்கும்போதே, “அண்ணே, கழுத்துல லேபிள் வேணாம், வைக்கிறதா இருந்தா பைக்கு உள்பக்கமா வச்சுருங்க” என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. தைத்து முடித்தபின் பிரிக்கச் சொன்னால் அவர் முகம் சுருங்குவது நியாயமே.

போடுவதற்கு முன் ஒரு அலசல்

புதுத்துணியை ஒருமுறையாவது அலசிக் காயவைத்த பிறகே தோலில் படவிட வேண்டும். விறைப்புக்காக ஏற்றிய கஞ்சி, ஒட்டாமல் நின்ற சாயம், சுருக்கம் விழாமலிருக்கச் சில பருத்தித் துணிகளில் ஏற்றும், ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் சார்ந்த பிசின் ஆகியவற்றில் ஒரு பகுதி முதல் அலசலிலேயே போய்விடும். ஓக்கோ-டெக்ஸ் 100 என்ற தரச்சான்று, தோலை நேரடியாகத் தொடும் துணியில் ஃபார்மால்டிஹைடு கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. குழந்தைத் துணிக்கு அது வைக்கும் வரம்பு இதைவிட மிகக் கடுமையானது. ஏற்றுமதிக்கென்று தைத்து இங்கே விற்கப்படும் துணிகளில் இந்தச் சான்றின் சீட்டைச் சில நேரம் காணலாம்.

அலசும் தண்ணீரும் முக்கியம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, துணியில் வெள்ளையாகப் படிந்து, காய்ந்ததும் துணியும் லேபிளும் அட்டைபோல் விறைத்துவிடுகின்றன. துவைப்பது எந்தத் தண்ணீரிலானாலும், கடைசி அலசலுக்கு மட்டுமாவது மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். சோப்புத் தூளைக் குறைத்துப் போட்டு, நுரை முற்றிலும் நிற்கும்வரை அலசுவது எல்லாவற்றையும்விடச் சிறந்தது. துணியை மென்மையாக்கும் திரவங்களை நான் அவ்வளவாகப் பரிந்துரைப்பதில்லை; அவற்றின் வாசனைப் பொருளே சிலருக்கு ஒவ்வாமையைத் தரும். இரண்டு மூன்று முறை துவைத்தபின் லேபிள் ஓரளவு இளகும், ஆயினும் உருகி இறுகிய அந்த விளிம்பு துவைப்பதால் கரையாது.

லேபிளை எடுக்கும் முறை

எடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களை முடித்துவிடுங்கள். லேபிளை எடுத்த ஆடையைக் கடையில் மாற்றித் தரமாட்டார்கள் என்பதால் அளவு சரிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு, துவைக்கும் முறை லேபிளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம் என்று அதிலுள்ள குறிகள் முறையே துவைப்பு, வெளுப்பு, உலர்த்தல், இஸ்திரி, உலர்சலவை ஆகியவற்றைக் குறிப்பவை. பட்டும் கம்பளியும் கலந்த துணிகளுக்கு இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.

அடுத்து, லேபிள் எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எடுக்கும் முறை முழுவதும் இதைப் பொறுத்தது.

லேபிளுக்கென்று தனித்தையல் போட்டு, துணியின் மேல் ஒட்டுத்துணி போலத் தைத்திருந்தால் வேலை எளிது. தையல் சாமான் கடைகளிலும் மேட்சிங் சென்டர்களிலும் தையல் பிரிக்கும் சிறு கருவி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பிளேடைவிட இதுவே பாதுகாப்பானது. லேபிள் பக்கத்திலிருந்து, துணிப் பக்கத்திலிருந்து அல்ல, மூன்று நான்கு தையலுக்கு ஒன்று வீதம் நூலை அறுத்துக்கொண்டே போனால், பிறகு லேபிளை மெல்லத் தூக்கியதும் அது கழன்று வந்துவிடும். கை தவறினாலும் கிழிவது லேபிளாக இருக்குமே தவிரச் சட்டையாக இராது. கழற்றிய பின் துணியில் ஒட்டியிருக்கும் நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். நிறமற்ற நைலான் நூலாக இருந்தால் இந்தக் கடைசி வேலைதான் முதன்மையானது, ஏனெனில் ஒரே ஒரு துணுக்கு தங்கினாலும் பட்ட பாடு வீண். கறுப்புத் துணி ஒன்றை அடியில் விரித்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அவை மினுங்கும்.

லேபிளின் மேல்விளிம்பு கழுத்துத் தையலுக்குள்ளேயே செருகித் தைக்கப்பட்டிருந்தால் நிலைமை வேறு. சட்டையின் உடலையும் கழுத்துப்பட்டியையும் இணைக்கும் தையலே லேபிளையும் பிடித்திருப்பதால், அந்தத் தையலை அறுத்தால் கழுத்து திறந்துகொள்ளும். டி-சர்ட்டுகளில் சில இடங்களில் சங்கிலித் தையல் போட்டிருப்பார்கள். அதில் ஓரிடம் அறுந்தால் ஒரு முனையிலிருந்து சரசரவென்று முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். எனவே தையல் தெரியாதவர்கள் இங்கே நூலைத் தொடாமல், லேபிளை மட்டும் கையாள வேண்டும். கூர்மையான சிறு கத்தரியால், தையலை ஒட்டி எவ்வளவு நெருக்கமாக வெட்ட முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வெட்டுங்கள். நெய்த லேபிளாக இருந்தால், வெட்டியபின் தையலுக்கு இணையாக ஓடும் இழைகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக உருவி எடுக்கலாம், எஞ்சுவது மெல்லிய குஞ்சமாக இளகிவிடும். அதன்பின் அந்த இடத்தை மூடிவிடுவது கட்டாயம். மூடாமல் விடுவதாக இருந்தால் வெட்டாமலே இருப்பது மேல்.

மூடுவதற்கு மிகப் பொருத்தமான துணி வீட்டிலேயே இருக்கிறது. துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டியின் ஓரம், பழைய சுங்குடிச் சேலையின் துண்டு, மல் துணி ஆகிய எதுவும் ஆகும். ஒரு அங்குல அகலத்துக்கு, லேபிளின் நீளத்தைவிட இருபுறமும் அரை அங்குலம் கூடுதலாக வெட்டி, ஓரங்களை உள்ளே மடித்து, லேபிள் இருந்த இடத்தின் மேல் வைத்துச் சிறு கைத்தையல் போட்டால் போதும். இழுபடும் பனியன் துணிக்கு மூலைவாட்டத்தில் (கிராஸாக) வெட்டிய துண்டை வைத்தால் கழுத்தோடு சேர்ந்து அதுவும் இழுபடும். பருத்தி நூலையே பயன்படுத்துங்கள், முடிச்சைத் தோல் பக்கம் வைக்காமல் இரண்டு துணிக்கும் இடையில் மறைத்துவிடுங்கள்.

இதே முறையில் லேபிளை எடுக்காமலே மூடிவிடவும் செய்யலாம். விலை உயர்ந்த ஆடைகளுக்கும், சில முறை மட்டுமே போடும் ஆடைகளுக்கும் என் தேர்வு இதுதான். தொங்கும் லேபிளாக இருந்தால் அதன் கீழ் முனையை உள்ளே மடித்து மூன்று பக்கமும் துணியோடு சேர்த்துத் தைத்தாலும் பாதித் தொல்லை தீரும். மேலே ஒட்டும் பசைநாடாக்கள் சில கடைகளில் கிடைத்தாலும், மதுரை வெயிலில் பசை இளகி வியர்வையோடு தோலில் ஒட்டுவதால் அவற்றால் புதுத் தொல்லைதான் வரும். குழந்தைத் துணியில் அவற்றை ஒட்டவே கூடாது. பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

இவ்வளவையும் செய்ய நேரமில்லை என்றால் தையற்காரரிடம் கொடுத்துவிடலாம். மீனாட்சியம்மன் கோயில் புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவந்தவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர ஒவ்வொரு தெருவிலும் பழைய துணி சரிசெய்து தருபவர் ஒருவராவது இருப்பார். “லேபிளை நறுக்காம, அந்த இடத்துல மட்டும் தையலைப் பிரிச்சு உருவிட்டு, திரும்பத் தைச்சுக் கொடுங்க” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லாவிட்டால் அவரும் கத்தரியைத்தான் எடுப்பார்.

சலவைக் குறியும் லேபிளைப் போலவே

லேபிளை எடுத்தபின்னும் பிடரியில் அதே இடத்தில் தடிப்பு தொடர்ந்தால், துணி வெளியே சலவைக்குப் போகிறதா என்று பாருங்கள். யாருடைய துணி என்று அடையாளம் தெரிவதற்காகச் சலவைத் தொழிலாளர் காலரின் உட்புறம் கறுப்புக் குறி இடுவது பழைய வழக்கம். சேராங்கொட்டையின் பாலை எடுத்துச் சுண்ணாம்பு சேர்த்து இட்ட குறி எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. ஆனால் அந்தப் பாலிலுள்ள பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கி, கொப்புளமே கிளப்பிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு இப்படிக் கழுத்தில் வந்த தோல் அழற்சி மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கிறது. சேராமரமும் முந்திரியும் மாவும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால், முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுத் தோல் வெந்த அனுபவம் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இப்போது பல இடங்களில் மார்க்கர் பேனாவோ காகிதச் சீட்டோ வந்துவிட்டது. எப்படியிருந்தாலும், விடுதி மாணவர்கள் தங்கள் துணியின் கீழ்மடிப்பில், தோலைத் தொடாத வெளிப்பக்கமாக, வண்ண நூலால் இரண்டு தையல் போட்டு அதையே அடையாளமாகச் சொல்லிவிட்டால் காலரில் எதுவும் எழுத வேண்டியிராது.

குழந்தைகள் விஷயத்தில்

கைக்குழந்தைக்கு வாங்கிய எந்தத் துணியானாலும், முதல் அலசலுக்கு முன்பே எல்லா லேபிளையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பேசத் தெரியாது; காரணமின்றி அழுகிறது என்று நாம் வயிற்றைத் தடவிக்கொண்டிருப்போம். பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துச் சட்டை தைத்துப் போட்ட நம் வீட்டுப் பாட்டிமார்களின் வழக்கம் இந்தக் கோணத்தில் மிகச் சரியானது.

வளர்ந்த பிள்ளைகளில் சிலர், குறிப்பாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர், மற்றவர்கள் உணராத சின்ன உறுத்தலையும் தாங்க முடியாத வேதனையாக உணர்வார்கள். பள்ளிச் சீருடையைப் போட மறுத்துக் காலையில் கத்தி ஆர்ப்பாட்டம் செய்யும் பிள்ளையை அடம் என்று அதட்டுவதற்கு முன், அந்தச் சட்டையைத் திருப்பிப் பாருங்கள். அத்தகைய பிள்ளைக்கு லேபிளை எடுத்தால் மட்டும் போதாது. உள்ளே மென்மையான, கையில்லாத பருத்திப் பனியன் ஒன்றைத் தையல் வெளிப்பக்கம் வரும்படித் திருப்பிப் போட்டுவிட்டு, அதன்மேல் சீருடையை அணிவிக்கலாம்.

தோல் ஏற்கெனவே புண்பட்டிருந்தால்

அந்த ஆடையைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கேலமைன் லோஷனோ வாசனையற்ற சாதாரணக் களிம்போ தடவினால் உராய்வால் வந்த சிவப்பு சில நாட்களில் தணிந்துவிடும். சொறியக் கூடாது, மஞ்சளும் எலுமிச்சையும் தேய்க்க வேண்டாம். மருந்துக் கடையில் ‘அரிப்புக்கு ஒண்ணு கொடுங்க’ என்று கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. அவை முதலில் அரிப்பை அடக்கிவிட்டுப் பிறகு தோலை மெலியச் செய்யும், படர்தாமரையாக இருந்தால் அதை மறைத்துப் பரவவும் விடும். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போவது படர்தாமரைக்குரிய அடையாளம்; லேபிள் உராய்ந்த தடிப்பு அப்படி விரியாது.

நீர் கோத்தாலோ, சீழ் பிடித்தாலோ, ஆடையை மாற்றி இரண்டு வாரம் ஆகியும் ஆறாவிட்டாலோ தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஒவ்வாமை என்று ஐயப்பட்டால் முதுகில் சிறு சிறு ஒட்டுகளாகப் பொருள்களை வைத்து, இரண்டு நாள் கழித்து எடுத்து, அப்போதும் அதன்பின் ஓரிரு நாள் கழித்தும் பார்த்து, எந்தச் சாயம், எந்த உலோகம், எந்த ரப்பர்ப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறிவார்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த ஆடையையும், எடுத்து வைத்த லேபிளின் படத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள். துணி பருத்தியா, பாலியெஸ்டரா, இரண்டும் எத்தனை விழுக்காடு என்ற தகவல் அதில்தான் இருக்கும்.